பிரேக்பாயின்ட்டில் நிற்காத ஜாவா: தேடலை எங்கே ஆரம்பிக்கலாம்

"பிரேக்பாயின்ட் வைத்திருக்கிறேன், ஆனால் அங்கே நிற்கவே இல்லை." ஜாவாவில் வேலை செய்யும் இத்தனை ஆண்டுகளில் என்னிடம் அதிகம் வந்த கேள்வி இதுதான். ஓடும் புரோகிராமைக் குறிப்பிட்ட வரியில் நிறுத்தச் சொல்லி வைக்கும் குறிதான் பிரேக்பாயின்ட்; அப்படி நிறுத்தி நிறுத்திப் பிழை தேடுவது டிபக், அதைச் செய்யும் கருவி டிபக்கர். அதற்கு அடுத்தபடியாக, "ரன் கொடுத்தால் ஓடுகிறது, டிபக் கொடுத்தால் கிளம்பவே மாட்டேன் என்கிறது." பலரும் இந்த இடத்தில் எடிட்டரின் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள், எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டு மறுபடி போடுவார்கள். சில சமயம் சரியாகியும் விடும். ஏன் சரியானது என்று தெரியாததால் அதே சிக்கல் திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

நான் வேறு பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். எடிட்டரை ஓரமாக வைத்துவிட்டு, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஜேவிஎம் (ஜாவா புரோகிராமை ஓட்டும் மென்பொருள்) எது, அதற்குள் ஏற்றப்பட்டிருக்கும் கிளாஸ் (கம்பைல் ஆன புரோகிராம் துண்டு) எது என்று பார்க்கிறேன். டிபக்கர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கிறது. நம் திரையில் இருக்கும் புரோகிராம் கோடும் (code) ஜேவிஎம்முக்குள் ஓடும் கோடும் ஒன்றுதான் என்று நாம் எடுத்துக்கொள்வதில்தான் ஓட்டை விழுகிறது.

இது ஏன் என்று புரிய, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜாவாவில் டிபக்கர் தனி புரோகிராம், உங்கள் புரோகிராம் ஓடும் ஜேவிஎம் இன்னொன்று. இரண்டும் ஜேடிடபிள்யூபி என்ற நெறிமுறையில், பெரும்பாலும் ஒரு சாக்கெட் வழியாகப் பேசிக்கொள்கின்றன. நீங்கள் ஓரத்தில் சிவப்புப் புள்ளி வைக்கும்போது உங்கள் சோர்ஸ் ஃபைல் எங்கும் போவதில்லை. டிபக்கர், அந்தக் கிளாஸின் வரி எண் அட்டவணையை ஜேவிஎம்மிடம் கேட்டு வாங்குகிறது. 42-ஆம் வரி எந்த மெத்தடில், எந்த பைட்கோடு (கம்பைலர் உருவாக்கி ஜேவிஎம் ஓட்டும் கட்டளைகள்) இடத்தில் இருக்கிறது என்று அதில் தேடி, அந்த இடத்தில் நிறுத்தச் சொல்கிறது. கிளாஸ் இன்னும் ஏற்றப்படவில்லை என்றால், ஏற்றப்பட்டதும் தகவல் கொடு என்று பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறது. அவ்வளவுதான். இதில் சோர்ஸ் ஃபைலின் உள்ளடக்கத்தை யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதே இல்லை.

ஆகவே புள்ளியின் தோற்றம் மாறுவதைக் கவனியுங்கள். எக்லிப்ஸ், இன்டெலிஜே ஆகிய எடிட்டர்களில் ஜேவிஎம் அந்த பிரேக்பாயின்ட்டை ஏற்றுக்கொண்டதும் புள்ளியின் மேல் ஒரு டிக் வரும். விஎஸ் கோடு என்ற எடிட்டரில் ஏற்கப்படாதது உள்ளே நிறமில்லாத சாம்பல் வட்டமாக இருக்கும். டிக் வந்த பிறகும் நிற்கவில்லையா, டிக்கே வரவில்லையா என்பது இரண்டு வேறு நோய்கள். முதலாவதில் அந்த வரிக்கு ஓட்டமே வரவில்லை. இரண்டாவதில் அந்தக் கிளாஸே அந்த ஜேவிஎம்மில் ஏற்றப்படவில்லை, அல்லது வரி எண் கிடைக்கவில்லை. எல்லா பிரேக்பாயின்ட்டையும் மொத்தமாக முடக்கி வைக்கும் பட்டன் ஒன்று மேலே இருக்கும். அது அழுந்தியிருக்கிறதா என்பதையும் இந்த நேரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

சரி, முதலில் கிளம்பாத புரோகிராம். மெயின் கிளாஸைக் கண்டுபிடிக்கவோ ஏற்றவோ முடியவில்லை என்ற பிழைக்கு ஏறக்குறைய எப்போதும் காரணம் கிளாஸ்பாத், அதாவது ஜேவிஎம் கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியல்தான். பேக்கேஜ் பெயரோடு சேர்ந்த முழுப் பெயரைக் கொடுக்க வேண்டும். கிளாஸ்பாத் அந்த பேக்கேஜ் ஃபோல்டர்களுக்கு மேலே இருக்கும் ஃபோல்டரைக் காட்ட வேண்டும், பேக்கேஜுக்கு உள்ளே இருக்கும் ஃபோல்டரை அல்ல. விண்டோஸில் கிளாஸ்பாத் துண்டுகளுக்கு நடுவே அரைப்புள்ளி, லினக்ஸிலும் மேக்கிலும் முக்காற்புள்ளி. ஒரு கணினியில் எழுதிய ஸ்கிரிப்டை இன்னொன்றில் ஓட்டும்போது இது சத்தமில்லாமல் காலை வாரிவிடும்.

கிளாஸ் ஃபைலின் பதிப்பு எண் பொருந்தவில்லை என்ற பிழை வந்தால் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. மொத்தத்தில் 44-ஐக் கழித்தால் ஜாவா பதிப்பு வந்துவிடும். கம்பைல் செய்த ஜேடிகே (கம்பைலரும் பிற ஜாவா கருவிகளும் சேர்ந்த தொகுப்பு) புதியது, ஓட்டுகிற ஜேவிஎம் பழையது என்பதுதான் இந்தப் பிழைக்கு அர்த்தம். ஒரே கணினியில் டெர்மினல் ஒரு ஜேடிகேயையும், எடிட்டர் இன்னொன்றையும், மேவன் என்ற பில்ட் கருவி மூன்றாவது ஒன்றையும் பிடித்துக்கொண்டிருப்பது சகஜம். ஒவ்வொன்றிடமும் தனித்தனியாக அதன் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள்.

விண்டோஸில் பெரிய ப்ராஜெக்ட்களில் மட்டும் வரும் ஒன்று: கட்டளை வரி அளவுக்கு மீறி நீண்டுவிட்டது என்று சொல்லி டிபக் நின்றுவிடும். நூற்றுக்கணக்கான ஜார்களின் (கிளாஸ்களைக் கட்டி வைத்த ஃபைல்கள்) முழுப் பாதைகளும் ஒரே வரியில் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். ஜாவா 9 முதல் இந்த விவரங்களையெல்லாம் ஒரு ஃபைலில் எழுதி அந்த ஃபைலைக் காட்டலாம். இன்டெலிஜேயிலும் விஎஸ் கோடிலும் கட்டளை வரியைச் சுருக்கும் தேர்வு இருக்கிறது. அதை மாற்றினால் முடிந்தது.

இதைவிட அபாயமானது, கிளம்பாமல் இருக்க வேண்டியது கிளம்பிவிடுவது. பில்டில் பிழை இருக்கிறது, தொடரலாமா என்று எடிட்டர் கேட்கும். அவசரத்தில் ஆமாம் என்று அழுத்திவிடுவோம். அப்போது ஓடுவது கடைசியாக வெற்றிகரமாகக் கம்பைல் ஆன பழைய கிளாஸாக இருக்கலாம். எக்லிப்ஸின் கம்பைலர் இன்னொரு விதம். பிழையுள்ள மெத்தடையும் கம்பைல் செய்து, அதை அழைத்தால் மட்டும் எக்ஸெப்ஷன் எறியும்படி வைத்துவிடும். எந்த வகையானாலும் அந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று பதில் சொல்லும் பழக்கம் நிறைய நேரத்தைக் காப்பாற்றுகிறது.

பழைய கிளாஸ் என்ற இந்த விஷயத்தில்தான் என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட புதிர்கள் அவிழ்ந்திருக்கின்றன. ஒரு குழுவில் இரவில் ஓடும் கணக்குப் புரோகிராம் ஒன்றை டிபக் செய்ய உதவினேன். பிரேக்பாயின்ட்டுக்கு டிக் வந்தது, ஓட்டமும் நின்றது. ஆனால் நின்ற இடம் ஒரு கமென்ட் வரி. அடுத்த ஸ்டெப் ஒரு மூடும் அடைப்புக்குறிக்குப் போனது, அதற்கடுத்தது வேறு மெத்தடின் நடுவில். இப்படி அம்புக்குறி கோடுக்குச் சம்பந்தமில்லாமல் குதித்தால் யோசிக்கவே வேண்டாம்: ஓடும் கிளாஸும் திரையில் உள்ள சோர்ஸும் வேறு வேறு. பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு புதிய தெருக்களில் வழி தேடுவது மாதிரி.

அந்தக் குழுவினர் ஏற்கெனவே கிளீன் பில்ட் (பழைய கிளாஸ்களை நீக்கிவிட்டு முழுவதும் மறுபடி கம்பைல் செய்வது) எல்லாம் செய்து பார்த்திருந்தார்கள். அப்புறம், கிளாஸ் ஏற்றுவதை அச்சிடும் வெர்போஸ் கிளாஸ் தேர்வோடு ஜேவிஎம்மைக் கிளப்பினோம். ஏற்றும் ஒவ்வொரு கிளாஸும் எந்த ஃபைலிலிருந்து வருகிறது என்று அது சொல்லிவிடும். நாங்கள் தேடிய கிளாஸ் ப்ராஜெக்ட்டின் ஃபோல்டரிலிருந்து வரவில்லை, வேறொரு ஜாரிலிருந்து வந்துகொண்டிருந்தது. தேவையான லைப்ரரிகளையெல்லாம் உள்ளே அடக்கிக் கட்டிய பெரிய ஜார் அது. அதே பெயரில் அதே கிளாஸின் பழைய பிரதி அதற்குள் இருந்தது. ஒரே பெயரில் இரண்டு இருந்தால் கிளாஸ்பாத்தில் முதலில் வருவதுதான் ஏற்றப்படும். எந்த எச்சரிக்கையும் வராது. அந்த ஜாரின் பதிப்பை மாற்றியதும் பிரேக்பாயின்ட் தன் இடத்தில் நின்றது.

ஜேவிஎம்மை மறுபடி கிளப்ப முடியாத நிலையில், ஏதாவது ஒரு பிரேக்பாயின்ட்டில் நின்றிருக்கும்போது எக்ஸ்பிரஷன் ஜன்னலில் அந்தக் கிளாஸின் புரொடெக்ஷன் டொமைனைக் கேட்டு, அதன் கோட் சோர்ஸ் இடத்தைக் கேட்டால் போதும். எந்த ஃபைலிலிருந்து வந்தது என்ற பாதை கிடைத்துவிடும். புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். ஜேடிகேயின் சொந்தக் கிளாஸ்களுக்கு மட்டும் கோட் சோர்ஸ் வெறுமையாக வரலாம், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

வரி எண் அட்டவணைக்கு வருவோம். ஜாவாக் கம்பைலர் தானாக வரி எண்ணையும் சோர்ஸ் ஃபைலின் பெயரையும் கிளாஸில் எழுதிவிடும். லோக்கல் வேரியபிள்களின் பெயர்களை எழுதாது. அதற்குக் கம்பைலரிடம் மைனஸ் ஜி (-g) கொடுக்க வேண்டும். மேவனும் கிரேடில் என்ற இன்னொரு பில்ட் கருவியும் டிபக் விவரங்களோடுதான் இயல்பாகக் கம்பைல் செய்கின்றன. பழைய ஆன்ட் (இதுவும் பில்ட் கருவிதான்) ப்ராஜெக்ட்களில் நிலைமை தலைகீழ். ஆன்ட்டின் கம்பைல் பணியில் டிபக் என்பதை வெளிப்படையாக ஆன் செய்யாவிட்டால், எந்த டிபக் விவரமும் வேண்டாம் என்றே கம்பைலரிடம் சொல்லிவிடும். வரி எண் இல்லாததால் பிரேக்பாயின்ட் போட முடியவில்லை என்று எக்லிப்ஸ் முறையிடுவதை இத்தகைய ப்ராஜெக்ட்களில் பார்த்திருக்கிறேன். பில்ட் ஃபைலில் ஒரே ஒரு பண்பைச் சேர்த்தால் தீர்ந்துவிடும். ஒரு கிளாஸில் அட்டவணை இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஜேடிகேயோடு வரும் ஜாவாப் கருவியை மைனஸ் எல் தேர்வோடு அந்தக் கிளாஸின் மேல் ஓட்டுங்கள். வரி எண்கள் வரிசையாக வரும். நீங்கள் புள்ளி வைத்த வரி அந்தப் பட்டியலில் இல்லை என்றால் அங்கே நிற்கச் சொல்லிப் பயனில்லை.

பட்டியலில் ஒரு வரி இல்லாமல் போக வேறு காரணங்களும் உண்டு. மதிப்பில்லாமல் அறிவிக்கப்பட்ட லோக்கல் வேரியபிளுக்கு பைட்கோடு கிடையாது. ஃபைனல் மாறிலியாக பொய் (false) என்ற மதிப்பை வைத்து அதன்மேல் ஒரு இஃப் எழுதியிருந்தால், அந்தத் தொகுதி முழுவதையும் கம்பைலர் விட்டுவிடும். அந்த மாறிலி வேறொரு கிளாஸில் இருந்தால் இன்னும் சிக்கல். மதிப்பு கம்பைல் நேரத்திலேயே பிரதியெடுக்கப்படுவதால், மாறிலியை மாற்றிவிட்டு அதைப் பயன்படுத்தும் கிளாஸை மறுபடி கம்பைல் செய்யாவிட்டால் பழைய மதிப்பே ஓடும்.

டிக் வந்தும் நிற்காதவற்றில் எனக்குப் பிடித்தது ஸ்ட்ரீம்கள், அதாவது தரவு வரிசையைப் படிப்படியாகக் கையாளும் ஜாவா வசதி. ஃபில்டருக்கோ மேப்புக்கோ கொடுத்த லாம்டாவுக்குள் (பெயரில்லாத சிறு செயல்பாடு) புள்ளி வைத்திருப்பார்கள், ஒருமுறைகூட நிற்காது. கடைசியில் கலெக்ட், ஃபார்ஈச் போன்ற முடிக்கும் செயல் இல்லை என்றால் அந்த லாம்டா ஓடவே ஓடாது. இங்கே டிபக்கர் உங்களுக்குக் காட்டுவது உங்கள் புரோகிராமில் உள்ள உண்மையான பிழை. லாம்டா உள்ள வரியில் புள்ளி வைக்கும்போது, வெளி வரியில் நிற்க வேண்டுமா, உள்ளே இருக்கும் லாம்டாவில் நிற்க வேண்டுமா என்று இன்டெலிஜே கேட்கும். அதைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். பின்னணியில் ஓடும் டீமன் த்ரெட்களும் இப்படித்தான்: மெயின் முடிந்து வேறு சாதாரண த்ரெட் எதுவும் மிச்சமில்லை என்றால் டீமன் த்ரெட் பாதியில் இருந்தாலும் ஜேவிஎம் முடிந்துவிடும்.

இன்னொரு பெரிய குழப்பம், டிபக் செய்வது ஒரு ஜேவிஎம், கோடு ஓடுவது வேறு ஜேவிஎம். மேவனில் டெஸ்ட்களை ஓட்டும்போது ஷ்யூர்ஃபயர் பிளகின் இயல்பாகத் தனி ஜேவிஎம் ஒன்றைக் கிளப்பி அதில்தான் டெஸ்ட்களை ஓட்டுகிறது. மேவன் ஓடும் ஜேவிஎம்மோடு இணைந்து காத்திருந்தால் காத்திருந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். ஷ்யூர்ஃபயருக்கென்று உள்ள டிபக் பண்பைக் கொடுத்தால், அந்தத் தனி ஜேவிஎம் 5005 போர்ட்டில் உங்களுக்காக நின்று காத்திருக்கும். கிரேடிலில் டெஸ்ட் பணிக்கு டிபக் ஜேவிஎம் என்ற தேர்வு அதே வேலையை அதே 5005-இல் செய்கிறது. எந்த ஜேவிஎம்கள் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் என்னென்ன தேர்வுகளோடு கிளம்பியது என்று பார்க்க ஜேபிஎஸ் கருவியை மைனஸ் எல்வி கொடுத்து ஓட்டுங்கள். டிபக் ஏஜென்ட் (டிபக்கரோடு பேச ஜேவிஎம்முக்குள் ஏற்றப்படும் பகுதி) எதில் இருக்கிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

சூழல் மாறி (என்விரான்மென்ட் வேரியபிள்) வழியாகத் தேர்வுகளைக் கொடுப்பது இதற்கு நேர்மாறான தொல்லையைக் கொண்டுவரும். ஜாவா டூல் ஆப்ஷன்ஸ் என்ற சூழல் மாறியில் டிபக் ஏஜென்ட்டை எழுதி வைத்திருந்தார்கள் ஒரு இடத்தில். முதல் ஜேவிஎம் சரியாகக் கிளம்பியது. அது கிளப்பிய குட்டி ஜேவிஎம்களும் அதே மாறியைப் படித்து, அதே போர்ட்டைப் பிடிக்கப் போய், போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லிச் செத்தன. வேலை பாதியில் நின்றதற்கும் டிபக்கருக்கும் தொடர்பு இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. அந்த மாறி செயல்பாட்டில் இருந்தால் ஜேவிஎம் கிளம்பும்போதே அதை எடுத்துக்கொண்டதாக ஒரு வரி அச்சிடும். பதிவுகளின் தலைப்பில் அந்த வரி இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல வழக்கம்.

ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் விவரங்களில் சர்வர், சஸ்பெண்ட், அட்ரஸ் மூன்றும் முக்கியம். சர்வருக்கு ஒய் (y) கொடுத்தால் ஜேவிஎம் காத்திருக்கும், டிபக்கர் போய் இணைய வேண்டும். என் (n) கொடுத்தால் ஜேவிஎம்மே டிபக்கரைத் தேடிப் போகும். அங்கே யாரும் காத்திருக்காவிட்டால் இணைப்பு மறுக்கப்பட்டது என்று கிளம்பும்போதே விழும். சஸ்பெண்ட் எழுதாமல் விட்டால் அது ஒய் என்றே எடுத்துக்கொள்ளப்படும். புரோகிராம் உறைந்துவிட்டது என்று அழைப்பவர்களில் சிலருக்கு உண்மையில் ஜேவிஎம் டிபக்கருக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும். ஆனால் கிளம்பும்போதே நடந்து முடியும் விஷயங்களை, ஸ்டாட்டிக் தொகுதிகளை, ஆரம்ப அமைப்புகளைப் பார்க்க வேண்டுமானால் ஒய்தான் வேண்டும். இல்லையென்றால் நீங்கள் இணைவதற்குள் அந்தக் கோடு ஓடி முடிந்திருக்கும்.

அட்ரஸில் ஒரு வரலாறு இருக்கிறது. ஜாவா 8 வரை வெறும் போர்ட் எண் கொடுத்தால் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் ஜேவிஎம் காது கொடுக்கும். ஜாவா 9 முதல் அதே எண்ணுக்கு அர்த்தம் மாறிவிட்டது: அதே கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும். 8-இலிருந்து 11-க்கு மாறிய ஒரு குழுவில் டாக்கர் கன்டெய்னருக்குள் (புரோகிராமைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டி) ஓடும் சர்வீஸோடு டிபக்கர் திடீரென்று இணைய மறுத்தது. போர்ட் வெளியே திறந்திருந்தது, ஸ்கிரிப்டில் யாரும் கை வைக்கவில்லை. கன்டெய்னருக்குள் இருந்த ஜேவிஎம் கன்டெய்னருக்குள்ளிருந்து வருபவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. போர்ட் எண்ணுக்கு முன்னால் நட்சத்திரக் குறியும் முக்காற்புள்ளியும் சேர்த்ததும் இணைந்தது.

இணைந்து நின்ற பிறகு வரும் வேகப் பிரச்சினைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். மெத்தட் பெயரின் மேல் வைக்கும் பிரேக்பாயின்ட் ஜேவிஎம்மை மிகவும் மெதுவாக்கிவிடக்கூடும். மெத்தடின் முதல் வரியில் சாதாரணப் புள்ளி வைப்பது போதும். நிபந்தனையோடு வைக்கும் புள்ளியும் இறுக்கமான லூப்பில் கனமாகிவிடும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் த்ரெட் நின்று, டிபக்கர் நிபந்தனையைக் கணக்கிட்டு, பிறகு ஓடவிடுகிறது. லட்சக்கணக்கில் சுற்றும் லூப்பாக இருந்தால் கோடிலேயே தற்காலிகமாக ஒரு இஃப் எழுதி, அதற்குள் புள்ளி வைத்துவிடுங்கள்.

வாட்ச் ஜன்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே எழுதும் மெத்தட் அழைப்புகள் உங்கள் புரோகிராமுக்குள்ளேயே நிஜமாக ஓடுகின்றன. இட்டரேட்டரின் (பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது) நெக்ஸ்ட்டை அங்கே எழுதி வைத்திருந்தால் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் ஒரு உறுப்பு காணாமல் போகும். வேரியபிளைக் காட்ட டிபக்கர் டூஸ்டிரிங்கை அழைக்கும்போதும் இதே கதைதான். மற்ற த்ரெட்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருக்க, அவற்றில் ஒன்று பிடித்திருக்கும் பூட்டு உங்கள் எக்ஸ்பிரஷனுக்குத் தேவைப்பட்டால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். த்ரெட்கள் கலந்த கோடில் எல்லா த்ரெட்டையும் நிறுத்தாமல் அந்த ஒரு த்ரெட்டை மட்டும் நிறுத்தும்படி புள்ளியின் தன்மையை மாற்றிக்கொள்வது பல சமயம் உதவும்.

இவ்வளவுக்குப் பிறகும் எடிட்டர்மேல் சந்தேகம் இருந்தால் ஜேடிபியை எடுங்கள். ஜேடிகேயோடு வரும் எளிய டிபக்கர் அது, டெர்மினலில் ஓடும். ஸ்டாப் அட் கட்டளையில் கிளாஸின் முழுப் பெயரும் முக்காற்புள்ளியும் வரி எண்ணும் கொடுத்து, ரன் கொடுங்கள். கிளாஸ் இன்னும் ஏற்றப்படவில்லை என்றால் பிரேக்பாயின்ட்டைத் தள்ளிவைப்பதாகச் சொல்லும், ஏற்றியதும் வைத்ததாகச் சொல்லும். அந்தத் தள்ளிவைப்புச் செய்தியோடு புரோகிராம் முடிந்துவிட்டால் கிளாஸ் ஏற்றப்படவே இல்லை, அல்லது பெயரில் எழுத்துப் பிழை. லோக்கல்ஸ் என்று கேட்டால், வேரியபிள் விவரம் இல்லை, மைனஸ் ஜி கொடுத்துக் கம்பைல் செய் என்று அதுவே வழி சொல்லும். ஜேடிபியில் நின்று எடிட்டரில் நிற்காவிட்டால் அப்போது எடிட்டரின் அமைப்பைத் தோண்டலாம். விஎஸ் கோடாக இருந்தால் ஜாவா லாங்குவேஜ் சர்வரின் வொர்க்ஸ்பேஸைத் துடைக்கும் கட்டளையை முதலில் முயலுங்கள்.

வேலை முடிந்ததும் டிபக் போர்ட்டை மூடிவிடுங்கள். ஜேடிடபிள்யூபியில் கடவுச்சொல் எதுவும் கிடையாது. அந்தப் போர்ட்டை எட்ட முடிந்த எவரும் உங்கள் ஜேவிஎம்முக்குள் தாங்கள் விரும்பிய கோடை ஓட்ட முடியும். தொலைவில் உள்ள சர்வரை டிபக் செய்தே ஆக வேண்டும் என்றால் ஏஜென்ட்டை அந்தக் கணினியின் உள் முகவரியில் மட்டும் வைத்து, எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) சுரங்கம் வழியாக உங்கள் கணினியின் 5005-ஐ அங்கே இணையுங்கள். எடிட்டருக்கு அது உள்ளூர் ஜேவிஎம் போலவே தெரியும்.